டெம்போவில் ஏறாத பிள்ளைகள்

என் தங்கை பவுன் தாஷா வாசிப்பவள். கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மெல்லிய பிரம்புக் குச்சிகளால் அடிக்கிற, சட்டி மாதிரியான சின்னக் கொட்டுக்குத்தான் தாஷா என்று பெயர். புனேயில் கணபதி ஊர்வலத்துக்கு முன்னால் டோல் தாஷா பதக் போகும். பதக் என்றால் குழு. இடுப்பில் கட்டிய பெரிய டோல்கள் வரிசையாக முழங்கும். ஆனால் எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, அடுத்து எந்த அடிக்குப் போவது என்றெல்லாம் சொல்வது தாஷாதான். பார்க்கச் சின்னது, அதிகாரம் பெரிது. எங்கள் வீட்டில் பவுனும் அப்படித்தான்.

பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. அப்பா பரமசிவம் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்கியில் இருக்கும் பாதுகாப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் எட்டாவதோடு நின்று தையலுக்கு உட்கார்ந்துவிட்டேன். விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இன்றைக்கும் என் மெஷின் இருக்கிறது. நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருக்கும்போது பவுன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே துணியைச் சொல்லிவிடுவாள்.

"எக்கா, இது பட்டுலா? இம்புட்டு வேகமா ஓட்டாத, சுருங்கிரும்."

சுருங்கத்தான் செய்யும். மெதுவாக ஓட்டுவேன்.

அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம் எங்கள் தெரு மண்டலின் விசர்ஜன் ஊர்வலத்துக்கு அம்மா அவளை அழைத்துப் போனாள். மண்டல் என்றால் தெருவில் கணபதி வைக்கிற சங்கம், விசர்ஜன் என்றால் கணபதியைத் தண்ணீரில் கரைப்பது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் கொட்டுக்கு முன்னால் குதித்து ஆடிக்கொண்டு நடந்தார்கள். பவுனை மட்டும் யாரோ தூக்கி, பின்னால் வந்த டெம்போவில் தேங்காய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். கையில் ஒரு மோதகம்கூடக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த மோதகத்தைச் சாப்பிடாமல் அம்மா கையில் திணித்தாள்.

"எம்மா, நான் என்ன தேங்கா மூட்டையா? எல்லாரும் நடந்து போறாவ. என்னய மட்டும் ஏத்தி வச்சிட்டாவ."

"கூட்டத்துல எவனாவது மிதிச்சிட்டாம்னா என்னட்டி செய்ய?" என்றாள் அம்மா.

"மிதிச்சா நானும் திருப்பி மிதிப்பேன்."

அம்மா சரசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவுனுக்கு வரவில்லை.

ஆளந்தி ரோட்டுப் பக்கம் பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி ஒன்றில் அவளைச் சேர்த்தோம். அங்கே தபலா கற்றுக்கொண்டாள். விஷாரத் என்கிற பட்டப் பரீட்சை வரை முடித்தாள். கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஜூலை மாதச் சாயங்காலம், ஆற்றுப் பாலத்தடியில் ஒரு பதக் பயிற்சி செய்வதைக் கேட்டிருக்கிறாள். சேர்த்துக்கொள்ளச் சொல்லி நேராகப் போய்க் கேட்டாள். துணைக்கு நானும் போயிருந்தேன். அந்தப் பதக்கின் தலைவர் தயங்கினார். இவர்களுக்குள் ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் 'ஹாத்' என்று பெயர். ஒன்றாம் ஹாத், இரண்டாம் ஹாத் என்று நம்பர் போட்டு வைத்திருப்பார்கள். முழக்கத்தில் வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. அதனால் தலைவர் கையைத் தூக்கி விரல் காட்டுவார்.

"ரெண்டு விரல் காட்டினா ரெண்டாம் ஹாத். நீ எப்படிம்மா பாப்பே?" என்று அவர் கேட்டார்.

"அந்த ரெண்டு விரலையும் தாஷாவில காட்டுங்க" என்றாள் பவுன்.

அவருக்கு விளங்கவில்லை. பவுன் அங்கேயே ஒரு தாஷாவை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு ஹாத்துக்கும் முன்னால் ஒரு சின்ன அழைப்பு, ஒன்றுக்கு ஒன்று வேறாக, நெருக்கமாகத் தெறிக்கிற மாதிரி வாசித்துக் காட்டினாள். டோல்காரர்கள் இரண்டு முறை கேட்டதும் பிடித்துக்கொண்டார்கள். விரலைப் பார்க்கக் கழுத்தை நீட்டி எட்ட வேண்டிய வேலை மிச்சம் என்று பின்வரிசைப் பையன்களுக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பதக்கில் அவள் சில வருஷம் வாசித்தாள். பிறகு தான் படித்த பள்ளியிலேயே இசை ஆசிரியையாகச் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளை 'பவுன் தாயி' என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா.

பழைய பதக் தந்த டோல்களை வைத்துக்கொண்டு பவுன் தன் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பதக் தொடங்கினாள். டோலை இடுப்பில் கட்டுகிற கயிறு பிள்ளைகளின் இடுப்பை அறுக்கிறது, பெல்ட் தைத்துத் தா என்று என்னைக் கூப்பிட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு அளவெடுக்கப் போனேன். அன்றைக்குத்தான் அவள் சொல்லிக் கொடுக்கிற விதத்தை முதல்முறை பார்த்தேன். ஒரு பிள்ளையின் கையைக்கூட அவள் பிடிக்கவில்லை. டோல் மேல் தன் கையை வைத்து, அதற்கு மேல் பிள்ளையைக் கை வைக்கச் சொன்னாள். தான் அடித்தாள். பிள்ளையின் கை அவள் கை மேல் சவாரி போனது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தானாக இறங்கி டோலுக்குப் போய்விட்டது.

"கையப் பிடிச்சு அடிக்க வச்சா சீக்கிரம் வந்துரும்லா?" என்று கேட்டேன்.

"பிடிச்சு இழுத்தா கைதான்க்கா வரும். தாளம் வராது."

அளவெடுக்கும்போது ஒரு சிறுமி நெளிந்துகொண்டே இருந்தாள். பெயர் சாய்லி. லாதூர் பக்கத்துப் பெண். பதக்கிலேயே பொடிசு. டோலைக் கட்டினால் டோலுக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பாள். வாய் மட்டும் டோலைவிடப் பெரிது.

"மாவ்ஷி, பெல்ட்டை இறுக்கித் தைக்காதீங்க. விசர்ஜன் அன்னிக்கு நிறைய மோதகம் சாப்பிடுவேன்" என்றாள். மாவ்ஷி என்றால் சித்தி. இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைத்தேன்.

அந்த வருஷம் எங்கள் தெரு மண்டலின் விசர்ஜன் ஊர்வலத்துக்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் வாசித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது பவுனின் ஆசை. எந்தத் தெருவில் அவளை டெம்போவில் ஏற்றினார்களோ அதே தெரு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மண்டலின் தலைவர் காம்ட்டே காகா. காகா என்றால் சித்தப்பா; அவர் பவுனை மகளே என்கிற மாதிரி 'பேட்டீ' என்று கூப்பிடுவார். மாநகரப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு, குரல் வலி கிடையாது. பவுன் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"அரே வா! பண்ணிடலாம் பேட்டீ. நானே டெம்போ ஏற்பாடு பண்றேன். நாற்காலி போடறேன். மேல ஷாமியானா கட்டறேன். பிள்ளைங்க ராஜா மாதிரி உக்காந்து வாசிக்கட்டும்."

"டோலை உக்காந்து வாசிக்க முடியாது காகா. இடுப்பை ஆட்டி ஆட்டி அடிக்கணும்."

"சரி, டெம்போ மேல நின்னு அடிக்கட்டும்."

"டிரைவர் பிரேக் போட்டா?"

காகா யோசித்தார். "பிரேக் போடாம ஓட்டச் சொல்றேன்."

"காகா, பிள்ளைங்க நடக்கணும்."

"ரோடு பூராக் குழி பேட்டீ. கண்ணு தெரியற நானே போன மாசம் விழுந்தேன். ஒரு பிள்ளை விழுந்தாலும் இந்தத் தெரு என்னை மன்னிக்காது. நானும் மன்னிச்சுக்க மாட்டேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரை மணி நேரம் பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் கூட வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாருதி கோவிலிலிருந்து மருந்துக்கடை முக்கு வரை நடந்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் ஊர்வலத்தில் நடக்கலாம். வராவிட்டால் டெம்போ.

ஆட்களுக்கு எங்கே போவது? சிஞ்ச்வட்டிலிருந்து என்னிடம் பிளவுஸ் தைக்க வருகிற ஒரு மாமியின் மகன் மாதவ் கராடியில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான். சொன்னதும் தன் ஆபீஸ் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான். எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன் ஆனதால் அவன் தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"அக்கா, நீங்க டென்ஷன் எடுக்காதீங்க. ஒரு ஒரு பச்சாக்கும் ஒரு ஆள். ஃபுல் செக்யூரிட்டி. ஆக்சுவலி நான் ஒரு சிஸ்டம் பண்ணியிருக்கேன்."

பையிலிருந்து ரிப்பன்களை எடுத்தான். இடது பக்கம் நடக்கிற பிள்ளைகளுக்குச் சிவப்பு, வலது பக்கம் நடப்பவர்களுக்கு நீலம். ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டே போனான்.

"இப்ப யாருக்கும் கன்ஃப்யூஷன் வராது" என்றான் இந்தியில்.

சாய்லி மணிக்கட்டைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஆட்டிப் பார்த்தாள். "தாதா, என்னுது என்ன கலர்?" தாதா என்றால் அண்ணன்.

"நீலம்."

"நீலம் எப்படிச் சத்தம் போடும்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாதவ் கையிலிருந்த ரிப்பனைப் பார்த்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அவனும் சிரித்தான். எல்லாரையும்விட அதிக நேரம் சிரித்தவன் அவன்தான். ரிப்பன்கள் பிறகு பெண் பிள்ளைகளின் சடைக்குப் போயின.

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பவுன் தாஷாவில் முதல் அழைப்பைக் கொடுத்தாள். டோல்கள் ஒரே அடியாக எழுந்தன. காகா கையைத் தட்டப் போனார். அதற்குள் நடக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஆளும் தன் பொறுப்பில் இருந்த பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வலது கையை. குச்சி பிடித்து அடிக்கிற கையை.

ஒரு குழி வந்தது. மாதவ் இந்தியில் "கட்டா! கட்டா!" என்று குழியைச் சொல்லிக் கத்திக்கொண்டு சாய்லியின் கையை ஒரு பக்கம் இழுத்தான். அவள் அடி காற்றில் போனது. அடுத்த அடி அவன் விரல் முட்டியில் விழுந்தது. அவன் அலறினான். அந்த அலறலை நிறுத்தச் சொல்கிற சைகை என்று நினைத்துப் பின்வரிசை நின்றுவிட்டது. முன்வரிசை அடித்துக்கொண்டிருந்தது. நடுவரிசைக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பவுன் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தாள். மருந்துக்கடை முக்கு வருவதற்குள் டோல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், தாளம் இன்னொரு பக்கம்.

காகா பாவமாக நின்றார். "நான் சொன்னேன்ல பேட்டீ. டெம்போ..."

"இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க காகா" என்றாள் பவுன்.

"அடுத்த வாரம் போலீஸ் கிட்ட ஊர்வல வரிசை எழுதிக் குடுக்கணும். அதோட சரி."

அன்றைக்கு மத்தியானம் பவுன் சாதத்தைப் பிசையாமல் தட்டின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு மாதவ் கூட்டத்தின் மேல் கோபம்.

"அந்தப் பயலுவள இனி வர வேண்டாம்னு சொல்லிருவோம்" என்றேன்.

"ஐயையோ, அவிய இல்லாட்டா காகா விடமாட்டாருக்கா." தட்டுவதை நிறுத்தினாள். "அவிய கை நல்ல கைதான். சும்மா இருக்கிறதுனால பிள்ளைய பிடிக்குது. அதுக்கு ஒரு வேலை குடுத்துட்டா பிடிக்காது."

"என்ன வேலை?"

"வாசிக்கிற வேலை."

மறுநாளே மாதவிடம் சொல்லிவிட்டாள். இடது பக்கம் நடக்கிற ஆட்கள் எல்லாருக்கும் ஜாஞ்ஜ். அது உள்ளங்கையை விடப் பெரிய பித்தளைத் தாளம். வலது பக்க ஆட்களுக்கு லெஜிம். வில் மாதிரி மரப்பிடியில் சங்கிலியும் தகடுகளும் கோத்தது, ஆட்டினால் சல்சல் என்கும். மராட்டியப் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சிக்கு வைத்திருப்பார்கள். யாரும் எந்தப் பிள்ளையையும் தொடக் கூடாது. இடப்பக்கம் கணீர் என்ற சத்தம் ஒரு சுவர். வலப்பக்கம் சல்சல் இன்னொரு சுவர். பிள்ளைகள் நடுவில் நடப்பார்கள். குழி வந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் முன்கூட்டியே நெருங்கி வந்து வாசிக்க வேண்டும். சுவர் கிட்டே வந்தால் பிள்ளைகள் தாமாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

யோசனை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாதவ் கூட்டத்துக்குத் தாளம்தான் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆபீஸ் விட்டதும் அவர்கள் நேராகப் பள்ளிக்கு வந்தார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு அவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். நான் நாடா அளக்கிற சாக்கில் தினமும் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"மாதவ் தாதா, நீங்க கொஞ்சம் லேட்" என்பாள் சாய்லி.

"சரியாத்தானே அடிச்சேன்?"

"உங்க கை சரிதான். உங்க காது லேட்."

"காது எப்படி லேட் ஆகும்?"

"நீங்க பக்கத்து ஆளைப் பார்த்து அடிக்கிறீங்க. அவர் அவருக்குப் பக்கத்து ஆளைப் பார்த்து அடிக்கிறார். கண்ணை மூடுங்க. மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன்."

"பொய். மூச்சு மாறலை."

அவன் நிஜமாகவே அப்போதுதான் கண்ணை மூடினான். நான் சாட்சி.

என் பங்குக்கு நான் நாடா வேலையை முடித்தேன். வரிசை கலையாமல் இருக்க, ஒவ்வொரு பெல்ட்டிலிருந்தும் பக்கத்துப் பிள்ளையின் பெல்ட்டுக்கு ஒரு பருத்தி நாடா, முன்வரிசைப் பிள்ளையின் பெல்ட்டுக்கு இன்னொன்று. இப்போது முன்வரிசையின் நடுவில் நிற்கிற சாய்லியின் நாடா, முன்னால் நடக்கிற பவுனின் இடுப்புக்குப் போகும். மேலிருந்து பார்த்தால் நாடாக் கட்டில் பின்னியது போல இருக்கும். யாராவது விழுந்தால் மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு விழக் கூடாது என்பதற்காக நாடா நுனியில் டிச் பட்டன் வைத்தேன். பலமாக இழுத்தால் பட்டென்று விட்டுவிடும். இடது வரிசை பெல்ட்டுகளுக்கு வெல்வெட் ஓரம், வலது வரிசைக்குக் கார்டுராய் ஓரம். தடவினாலே எது யாருடையது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு பட்டனையும் நாலு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.

முதல் நாள் கட்டிக்கொண்டு வாசித்தபோது தாளத்தைவிட டிச் டிச் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. டோல் அடிப்பவர்கள் அடிக்கு ஏற்ப இடுப்பை இடமும் வலமும் சாய்ப்பது வழக்கம். ஒருவர் இடது சாய, அடுத்தவர் வலது சாய, பட்டன் எல்லாம் பிடுங்கிக்கொண்டன.

"எக்கா, பட்டன கொஞ்சம் இறுக்கமா வச்சுத் தாயேன்" என்றாள் பவுன்.

"வைக்க மாட்டேன். விழுந்தா விடணும்லா. நீ உன் பிள்ளையள ஒண்ணா ஆடச் சொல்லு."

முறைக்கிற மாதிரி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு அதையே பாடமாக்கிவிட்டாள். ஒரு பட்டன் கழன்றாலும் முதலிலிருந்து. சனிக்கிழமைக்குள் எல்லா இடுப்பும் ஒரே இடுப்பாக ஆடின.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை முக்கு வரை போய், அங்கிருந்து திரும்பியும் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டுக் கூடவே நடந்தார். காகா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு ஊர்வல வரிசைத் தாளில் முதல் இடத்தில் பள்ளியின் பெயரை எழுதினார். ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"டெம்போ பின்னாலேயே வரும். நாற்காலி போட்டே இருக்கும். என் திருப்திக்கு."

"வரட்டும் காகா. தேங்காயை ஏத்திக்கோங்க" என்றாள் பவுன்.

விசர்ஜன் அன்று மத்தியானமே கிளம்பினோம். வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன. பிள்ளைகளுக்கு வெள்ளைக் குர்த்தா, காவித் தலைப்பாகை. பவுனுக்கு ஒன்பது கஜம் புடவையை நான்தான் கட்டிவிட்டேன். "கணபதி பாப்பா மோர்யா" என்று காகா தொண்டை கிழியக் கத்தினார். பவுன் அழைத்தாள். தெரு அதிர்ந்தது. பால்கனிகளில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் துணியோடு நின்றுவிட்டார்கள். இடப்பக்கம் கணீர், வலப்பக்கம் சல்சல், நடுவில் பிள்ளைகள். நான் பவுனுக்குப் பக்கவாட்டில், கையில் ஊசி நூலோடு நடந்தேன். பட்டன் ஒன்று பிய்ந்தாலும் உடனே தைத்துவிடலாம் என்று.

மாநகராட்சி வைத்திருந்த விசர்ஜன் தொட்டிக்குப் போகிற வழியில் ஒரு நாற்சந்தி வரும். அங்கே பக்கத்துச் சாலையிலிருந்து இன்னொரு ஊர்வலம் வந்து நின்றிருந்தது. அவர்களிடம் டிஜே. லாரி உயரத்துக்கு ஸ்பீக்கர்களை அடுக்கியிருந்தார்கள். நாங்கள் நாற்சந்தியில் நுழைகிற நேரம் பார்த்து அது முழங்கத் தொடங்கியது. எனக்கு என் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தரை நடுங்கியது. கடைகளின் இரும்புக் கதவுகள் நடுங்கின. பவுனின் குச்சிகள் தாஷா மேல் விழுவதைப் பார்த்தேன். சத்தம் மட்டும் வரவில்லை.

முதலில் ஜாஞ்ஜ் போனது. மாதவ் வலது பக்கத்தைப் பார்த்தான், வலது பக்கத்து ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். லெஜிம்கள் இஷ்டத்துக்கு ஆடின. இரண்டு சுவரும் இடிந்துவிட்டன. ஒரு ஆள் பதறிப்போய் ஒரு பையனின் கையைப் பிடிக்க ஓடினான். மாதவ்தான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினான். பின்னால் காகா டெம்போக்காரரை முன்னே வரச் சொல்லிக் கையை வீசுவது தெரிந்தது. அவ்வளவுதான், ஏற்றிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஊசி விரலில் குத்தியதுகூடத் தெரியவில்லை.

பவுன் வாசிப்பதை நிறுத்தினாள். குச்சிகளை ஒரே கையில் பிடித்துக்கொண்டாள். பிறகு இடுப்பை இடது பக்கம் நன்றாகச் சாய்த்தாள். வலது பக்கம். மறுபடி இடது. நாடா விறைத்துத் தளர்ந்தது. அதன் மறுமுனையில் இருந்த சாய்லி ஒரு நொடி தலையைச் சாய்த்தாள். அவள் இடுப்பும் சாய்ந்தது. அவளிடமிருந்து இரண்டு பக்கமும் போனது, பின்னாலும் போனது. நாடாக் கட்டில் மொத்தமும் ஒன்றாக அசைந்தது. டோல் குச்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவதை நான் பார்த்தேன். அப்படியே நடந்தார்கள். ஒரு பட்டன்கூடக் கழலவில்லை.

காகா அதைப் பார்த்தார். டெம்போவை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த முழங்காலோடு டிஜே லாரியை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. லாரி மேல் நின்ற பையனிடம் கத்தினார். அவனுக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்துக் காட்டினார். பாட்டு பிடித்துப்போய் ஆடுகிறார் என்று நினைத்து அவன் சத்தத்தைக் கூட்டினான். காகா லாரியின் பக்கவாட்டில் தொற்றி ஏறி, அவன் முகத்தைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினார்.

அந்தப் பையன் பிள்ளைகளைப் பார்த்தான். சட்டென்று சத்தத்தை நிறுத்தினான்.

அந்த அமைதிக்குள் டோல் சத்தம் வந்து விழுந்தது. ஒரே ஆள் அடிக்கிற மாதிரி, ஒரு அடிகூட முன்பின் இல்லாமல், நாற்சந்தி முழுக்க. இரண்டு ஊர்வலத்து ஜனங்களும் கத்தினார்கள், விசிலடித்தார்கள். பவுன் குச்சிகளைப் பிரித்து இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள். தாஷா டோல்களுக்கு மேல் ஏறி ஒலித்தது.

தாளத்தில் இல்லாதது ஜாஞ்ஜும் லெஜிமும் மட்டும்தான்.

"மாதவ் தாதா!" சாய்லியின் குரல் டோலுக்கு மேல் கேட்டது. "வழி தவறிட்டீங்களா? இங்கதான் இருக்கோம், வாங்க!"

மாதவ் கண்ணை மூடிக்கொண்டான். இந்தத் தடவை நிஜமாகவே மூடியிருந்தான். மூன்றாவது அடியில் சரியாக வந்து சேர்ந்தான்.

டிஜே பையன் நாங்கள் கடந்து போகிற வரை சத்தத்தைப் போடவில்லை. நாற்சந்தியைத் தாண்டியதும் பின்னால் ஏதோ சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. பவுன் வாசித்துக்கொண்டே என் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"எக்கா, டெம்போல யாரு? யாரயோ ஏத்துத மாதிரி கேக்கு. நம்ம பிள்ளையா?"

அவள் முகம் சுருங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"நம்ம பிள்ளை இல்லட்டி. காகா. ஓடினதுல முட்டி மடங்க மாட்டேங்கு. ரெண்டு பேரு தூக்கி நாற்காலில உக்கார வச்சிருக்காவ."

"தேங்காக் கூடை பக்கத்துலயா?"

"பக்கத்துலதான். கையில மோதகம் வேற இருக்கு."

பவுன் சிரித்தாள். குச்சி தவறாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாடா வழியாகப் போயிருக்க வேண்டும். சாய்லி என்ன என்று கேட்டாள், விஷயம் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போயிற்று. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "காகா, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க! ரோடு பூராக் குழி!"

"அடேய், மெதுவாப் போங்கடா!" என்று காகா டெம்போவிலிருந்து கத்தினார். "உங்க வேகத்துக்கு வண்டி வரமாட்டேங்குது!"

பவுன் தாஷாவில் நாலாம் ஹாத்துக்கு அழைப்பு கொடுத்தாள். இருப்பதிலேயே வேகமான ஹாத் அதுதான்.